இஸ்யூ இல்லை

1976 செப்டம்பர் 14, செவ்வாய்க்கிழமை. மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தா ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆபீஸ் சுவரில் புதுவீட்டுப் பட்டியல் ஒட்டப்பட்டது. பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இரண்டு அறை வீடு. இல்லாதவர்களுக்குப் பழைய லயத்து வரிசை வீடுகளிலேயே ஓர் அறை.

பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த வடிவம்மாளுக்குப் பக்கத்து வீட்டு மணியம்மாதான் பட்டியலைப் படித்துச் சொன்னாள்.

“ஒனக்குப் புள்ளையே இல்லையாம் லா. அப்ப ஒன் வூட்டுல திங்குற மூணும் யாரு, வாடகைக்கு எடுத்ததா?”

வடிவம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூத்தவள் ஜெயா பெரியவளாகி ஆறு மாதமாகிறது. ஐந்து பேருக்கும் ஒரே அறை. அவள் பாவாடை மாற்ற மற்ற நால்வரும் வெளியே சாரலில் நிற்கவேண்டும். நாலு மணிக்குத் தோட்டத்து மேனேஜர் துரை கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் மாற்றம் கிடையாது.

வீட்டுக்கு ஓடி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களை முந்தானையில் சுருட்டிக்கொண்டாள். தேயிலைச் செடிகளுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த கணவன் இருளப்பனைக் கையோடு ஆபீசுக்கு இழுத்துப் போனாள். வீட்டுக்கான இங்கிலீஷ் விண்ணப்பப் பாரத்தை நிரப்பியவன் அவன்தான். கோயில் மண்டபத்தில் நாலு மாதம் இங்கிலீஷ் படித்த தைரியத்தில் யாரையும் கேட்காமல் எழுதியிருந்தான்.

ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி செல்லையா இந்தத் தோட்டத்துக்கு வந்து மூன்று வாரம்தான். யாருக்கு எத்தனை பிள்ளை என்று அவருக்குத் தெரியாது. பாரத்தை எடுத்து மேசைமேல் விரித்தார்.

“இங்க பாருய்யா. இஸ்யூன்னு கேட்டிருக்கு. நீ இல்லன்னு எழுதியிருக்க.”

“ஆமாங்கய்யா. இந்த வருஷம் ஒண்ணும் குடுக்கலீங்களே.”

“எதக் குடுக்கல?”

“கம்பளி, மழைச்சட்ட, கூடை. ஸ்டோர்ல அதத்தானே இஸ்யூம்பாங்க?” இருளப்பன் குரலைத் தாழ்த்தினான். “போன வருஷக் கம்பளி இருக்குதுங்க. இருக்குன்னு எழுதுனா புதுசு கெடைக்காதேன்னு...”

செல்லையா கண்ணாடியைக் கழற்றினார்.

“இங்க இஸ்யூன்னா கம்பளி இல்லய்யா. புள்ளகுட்டி.”

“டிக்சனரில அப்படி இருக்குங்களா?”

அவர் அலமாரியிலிருந்து தடித்த அகராதியை எடுத்தார். ஸ்டோரில் கொடுப்பதும் இஸ்யூதான். பத்திரிகை மாதாமாதம் வெளிவந்தால் அதுவும் இஸ்யூ. பத்துப்பேர் கூடி வாதாடும் பிரச்சினையும் அதுதான். விரல் இறங்கிக்கொண்டே போய்க் கடைசியில் நின்றது.

“இந்தா. சந்ததி. கோர்ட்டு பாரத்துல இப்படித்தான் எழுதுவாங்க.”

வடிவம்மாள் கணவனைப் பார்த்தாள். “ஒரு கம்பளிக்கு ஆசப்பட்டு எம் புள்ளைங்கள இல்லாம ஆக்கிட்டீங்களே.”

இருளப்பன் தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றினான்.

அவள் பத்திரங்களை மேசைமேல் பரப்பினாள். செல்லையா மூன்றையும் படித்தார். பாரத்தில் இருந்ததை அடித்துவிட்டு ‘மூன்று’ என்று எழுதி, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு துரை அறைக்குள் போனார். சுவர்க் கடிகாரத்தில் நாலடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. உள்ளே இங்கிலீஷ் பேச்சு கேட்டது. பிறகு துரை உரக்கச் சிரிக்கும் சத்தம்.

செல்லையா வெளியே வந்தார். “ஒம்பதாம் நம்பர். ரெண்டு ரூம்.”

வடிவம்மாள் ஆபீஸ் படியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிரிப்பும் வந்தது.

“அப்ப அந்தக் கம்பளிங்க, ஐயா...” என்று தொடங்கினான் இருளப்பன்.

“வாங்க, போலாம்.”

அக்டோபர் 3, ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் ஒன்பதாம் எண் வீட்டுக்குக் குடிபோனார்கள். உள்ளறைக்குக் கதவு இருந்தது. நவம்பரில் ஸ்டோரில் கம்பளி கொடுத்தபோது இருளப்பனுக்குக் கிடைக்கவில்லை; அவனிடம் போன வருஷக் கம்பளி இருப்பதைச் செல்லையா குறித்து வைத்திருந்தார்.