எஞ்சின் நிற்கும் வரை

கராஜிலிருந்து ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு தென்றல் ஓடிவந்தாள். மலைக்காற்று வெறிபிடித்து அடித்ததால், தீ பரவிவிடும் என்று லிவர்மோரில் பாதி ஊருக்குக் கரன்ட்டை நிறுத்திவிட்டார்கள். காலையிலிருந்து கட்டிலருகே இரைந்துகொண்டிருந்த ஆக்சிஜன் மெஷின் இப்போது வெறும் பெட்டி.

"சீக்கிரம்டி!" ஒற்றைக் கையால் அப்பாவின் மூக்குக் குழாயைப் பிடித்திருந்தாள் அம்மா வான்மதி.

தென்றல் குழாயைச் செருகி வால்வைத் திருகினாள். அப்பாவின் மார்பு மெதுவாக ஏறி இறங்கியது.

"ஒரு தீவுக்கே கரன்ட் குடுக்கறாராம். சொந்த வீட்டுக்கு ஒரு பேட்டரி வெக்கத் துப்பில்ல."

அம்மாவின் வழக்கமான குத்தல். குரல்தான் வழக்கமானதாக இல்லை.

பசிபிக்கில் ஒரு குட்டித் தீவு நாடு. டீசலிலேயே ஓடிய அதைச் சோலாருக்கு மாற்றும் திட்டம் அப்பா நெடுஞ்செழியனுடையது. இன்றைக்குத்தான் கடைசி டீசல் எஞ்சினை நிறுத்துகிறார்கள். அங்கே பவர்ஹவுஸில் ஆபரேட்டர் டோமா தன் போனை எஞ்சின் பக்கத்தில் வைத்திருந்தான். இங்கே தலையணைமேல் அம்மாவின் போன், ஸ்பீக்கரில். மணிக்கணக்காக விடாத டக்டக்.

"சத்தம் நின்னா போதும். யாரும் எனக்குச் சொல்லவே வேணாம்," என்றிருந்தார் அப்பா. அதற்காகத்தான் ஹாஸ்பிட்டல் வேண்டாமென்று வீட்டுக்கு வந்தார்.

தென்றலுக்கு அப்போதுதான் உறைத்தது. அறையில் ஒரு சத்தமும் இல்லை, அந்த டக்டக்கும்கூட.

அப்பா கண்ணைத் திறந்தார். "நின்னுடுச்சா?"

அம்மா குனிந்தாள். "நின்னுடுச்சுங்க."

"லைட்டு?"

"எல்லார் வீட்லயும் எரியுதாம்."

அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். "அந்த இரைச்சல் இல்லாம... இனிமே நீ தூங்கலாம், வான்மதி."

ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காக இருவரும் காத்திருந்தார்கள்.

வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தென்றல் வால்வை மூடினாள். கடைசிக்காலப் பராமரிப்புக்கு வரும் ஹாஸ்பிஸ் நர்ஸை அழைத்துச் சொன்னாள். பக்கத்து வீட்டுச் சாந்தி ஆன்ட்டிக்குச் சொல்ல வேண்டும், முடியவில்லை. அம்மா போர்வையை இழுத்துச் சரிசெய்தாள், அதே ஒற்றைக் கையால்.

"எஞ்சின் நின்னதை அப்பா கேட்டுட்டார்மா. அதாவது நடந்துச்சே."

அம்மா ஸ்வெட்டர் பாக்கெட்டிலிருந்து இன்னொரு கையை வெளியே எடுத்தாள். கையில் போன். லைன் கட்டாகவில்லை. ஸ்பீக்கர்தான் அணைந்திருந்தது.

அதைப் பழையபடி தலையணையில் வைத்து ஸ்பீக்கரை அழுத்தினாள்.

டக்டக்டக்டக்.

அந்தச் சத்தத்துக்கு மேலே டோமா ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தான். "இன்னும் மேகம் விலகல சார்! கொஞ்ச நேரந்தான். லைன்லயே இருங்க!"

அம்மா போனை அப்பாவின் காதுக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்தாள்.