நீலப் பொட்டு

ஏழே முக்காலுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தேவகோட்டை போக வேண்டிய பஸ் அது. அதனால் ஐந்து மணிக்கே, சரியாக விடியாத இருட்டில், காரைக்குடிக்கு வெளியே இருக்கும் எங்கள் ஷெட்டில் பின்சக்கரத்தை ஏற்றிக்கொண்டிருந்தோம். வீரையா அண்ணன் நட்டில் ஸ்பேனரைப் பொருத்தினார். ஸ்பேனர் கைப்பிடியில் நாலடி இரும்புக் குழாயைச் சொருகி, அவரும் நானும் உடம்பு எடையெல்லாம் போட்டு அழுத்தினோம். கிரீஸும் வியர்வையும் சேர்ந்து குழாய் கையில் நிற்கவில்லை.

எட்டாவது நட்டு இறுகிக்கொண்டே வந்தது. திடீரென்று கைக்கு இளகியது. இறுகும் நட்டு இளகினால் உள்ளே போல்ட் இழுபடுகிறது என்று அர்த்தம். கையை எடுப்பதற்குள் டக்கென்று முறிந்தது. குழாய் நழுவி, அண்ணனின் விரல் முட்டிகள் ரிம்மில் போய் இடித்துத் தோல் உரிந்தது. அவர் கையை உதறிவிட்டு அடுத்ததைப் பிடித்தார். அதுவும் அதே போல இளகி, அதே போல முறிந்தது.

புதுப் பெட்டியிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து விளக்கடியில் பார்த்தேன். நல்ல போல்ட்டின் தலையில் அதன் பலத்தைச் சொல்லும் எண் அடித்திருக்கும். இதன் தலை மொட்டையாக இருந்தது. முதலாளி சேவுகப்பெருமாள் போல்ட் வாங்கும் கடையை மாற்றிய நாளிலிருந்து வருகிற போல்ட்டெல்லாம் மொட்டைதான்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. சக்கரம் மாட்டியவன் கடைசி நட்டில் தன் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பான். அண்ணனுக்குச் சிவப்பு, எனக்கு மஞ்சள், எங்களோடு வேலை பார்த்த ஆதித்தனுக்கு நீலம். யார் மாட்டியது என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு ஒரு பெருமை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது போலத்தான் ஆயிற்று. போன மாதம் ஆதித்தன் மாட்டிய சக்கரத்தில் இப்படித்தான் முறிந்தது. முறிந்த இடத்தில் வெறும் நட்டைப் பசை போட்டு ஒட்டி அனுப்பச் சொன்னது முதலாளி. நாச்சியாபுரம் தாண்டியதும் சக்கரம் கழன்று பஸ் புளியமரத்தில் மோதியது. டிரைவர் அழகுசுந்தரத்துக்குத் தொடை எலும்பு முறிந்தது. முதலாளி வந்து நட்டைப் பார்த்தார். நீலம். அன்று மத்தியானமே ஆதித்தனை வெளியே அனுப்பிவிட்டார். ஒட்டச் சொன்னது யாரென்று தெரிந்தும் நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். நானும்தான் நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

ஆறு மணிக்கு முதலாளியின் கார் வந்தது. அவர் முறிந்த போல்ட்டைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தார். போல்ட் பொருந்தியிருக்கும் ஹப்பைக் கழற்றி, முறிந்த துண்டுகளைத் தட்டி எடுத்து, எண் போட்ட போல்ட் மாட்ட வேண்டும், அதற்கு மதியம் ஆகிவிடும் என்று அண்ணன் பொறுமையாக விளக்கினார்.

"பத்துல ரெண்டு போனா வண்டி ஓடாதா? நட்ட ஒட்டி, பொட்ட வச்சு அனுப்பு" என்றார் முதலாளி.

"பக்கத்துப் பக்கத்துல போயிருக்கு, மொதலாளி. மிச்சம் எட்டும் அதே பெட்டிப் போல்ட்டுதான்."

"ஒன் கைமுறுக்குல ஒடச்சுப்புட்டு போல்ட்டக் குத்தஞ் சொல்றியா? ஒட்டலேன்னா ஆதித்தன் போன வழியில நீயும் போ."

அண்ணனின் மகள் ரேணுகா அடுத்த மாதம் கல்லூரியில் சேர வேண்டும். அது முதலாளிக்கும் தெரியும், தெரிந்துதான் சொன்னார். அண்ணன் சிவப்பு டப்பாவை எடுத்தார்.

"இந்த வண்டியில ஒங்க பேரன ஏத்தி அனுப்புவீகளா?" என்று கேட்டுவிட்டேன்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். இருபது வருஷத்தில் அவரை நான் கேட்ட முதல் கேள்வி அது. அவர் பேரன் காரில் பள்ளிக்கூடம் போகிறவன்.

"வேல பாக்க வந்தியா, வியாக்கியானம் பண்ண வந்தியா?"

டிரைவர் சத்தியமூர்த்தி அதுவரை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்துவிட்டு வந்து, பஸ் சாவியை டயர்மேல் வைத்தார். அழகுசுந்தரத்தை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர் அவர்.

"நான் எடுக்க மாட்டேன். கண்டக்டருக்குப் போன் போட்டுட்டேன், பிள்ளைகளக் கவர்மெண்டு பஸ்ல ஏத்திவிடச் சொல்லி. லேட்டாப் போகட்டும், பத்திரமாப் போகட்டும்."

முதலாளி வேறு டிரைவர் வருவான் என்றார், வேறு மெக்கானிக்கும் வருவான் என்றார். தேவகோட்டை ஷெட்டுக்குப் போன் போட்டுக்கொண்டே காரை நோக்கி நடந்தார்.

அப்போது பஸ் கழுவும் முத்துமாரி அக்கா அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவை இறக்கினாள். மூடி இறுகிப் போயிருந்தது. ஸ்குரூ டிரைவரால் நெம்பித் திறந்தாள். ஆதித்தனின் நீலம், மேலே ஆடை கட்டியிருந்தது. கொஞ்சம் தின்னர் ஊற்றிக் கலக்கி, முறிந்து நின்ற போல்ட்டின் முனையில் விரலால் ஒரு பொட்டு வைத்தாள். கழுவுகிறவர்களுக்குப் பொட்டு கிடையாது. இத்தனை வருஷத்தில் யாரும் அவளுக்கு ஒரு நிறம் கொடுத்ததில்லை.

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நீலத்தின் பக்கத்தில் சிவப்பை வைத்தார். நான் மஞ்சளை வைத்தேன். சத்தியமூர்த்தி எதைத் தொடுவதென்று தெரியாமல், கிரீஸில் விரலைத் தோய்த்துக் கறுப்பாக ஒன்று வைத்தார்.

முதலாளி திரும்பி வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது. தேவகோட்டைக்காரர்கள் போல்ட்டின் தலையில் எண் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்களாம். அவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"யாரு பொட்டுடா இது?"

"எல்லாரோடதுந்தான்" என்றாள் முத்துமாரி அக்கா. "எண் போட்ட போல்ட்டு வரட்டும், ஆதித்தன் வரட்டும். மாட்டித் தாறோம்."

எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவேன், போலீசுக்குச் சொல்லுவேன் என்று அவர் கத்தினார். செய்தாலும் செய்வார். நாங்கள் சக்கரத்தைக் கழற்றிக் கீழே படுக்கப் போட்டு, அதைச் சுற்றி உட்கார்ந்தோம். பஸ் ஜாக்கியில் நின்றது. வெயில் ஷெட்டுக்குள் வரத் தொடங்கியது. ஆதித்தனுக்கு நான் போன் போட்டேன். அவன் எடுத்ததும் முதலில் மன்னிப்புக் கேட்டேன், பிறகுதான் வரச் சொன்னேன்.