நாற்பத்தொன்றாம் எலி கேட்காத பால்

ஒரு சொட்டு இனிப்புப் பாலுக்காகச் சுண்டெலி சோதனைப் பெட்டிக்குள் இருக்கும் விசையை எத்தனை தடவை அழுத்துகிறது என்று எண்ணுவதுதான் என் வேலை. முதல் சொட்டுக்கு ஒரு தடவை, அடுத்ததற்கு நாலு, பிறகு பத்து, இருபது என்று ஏறிக்கொண்டே போகும். ஹண்டிங்டன் நோயின் மரபணு உள்ள எலிகள் சீக்கிரம் கைவிட்டுவிடும். பால் பிடிக்காமல் இல்லை, மூக்கருகே நீட்டினால் ஆசையாகக் குடிக்கும். மூளையில் டோபமின் என்ற ரசாயனம் ஓடும் பாதை பழுதாகிவிடுவதால், வேண்டும் என்ற உந்துதல்தான் எழாது. எந்த எலிக்கு நோய் என்று எண்ணுகிறவளுக்குச் சொல்லமாட்டார்கள். தெரிந்தால் மனம் சாய்ந்துவிடும். பட்டியல் எங்கள் தலைவி ஸ்டாவிடம் பூட்டிக் கிடக்கும்.

மெல்பர்னில் பதினோரு வருடமாக இதைச் செய்கிறேன். என் கணவன் மர்ரேக்கு அதே நோய் என்று தெரிந்து நாலு வருடம் ஆகிறது. இந்த நோயில் வரும் கைகால் ஆட்டத்தைப் பற்றித்தான் எல்லோரும் விசாரிப்பார்கள். அதையாவது பொறுத்துக்கொள்வேன். இரண்டு வருடமாக அவன் என்னிடம் எதையுமே கேட்டதில்லை. டீ கொடுத்தால் குடிக்கிறான், டிவியில் ஃபுட்டி பந்தாட்டம் போட்டால் பார்க்கிறான். முன்பு நான் பின்கதவைத் திறக்கும் சத்தத்துக்கே, "லியான், இங்க வா" என்று கத்துகிறவன். ஒரே ஒரு தடவை அவன் ஏதாவது கேட்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

நாற்பத்தொன்றாம் எலி முதல் நாள் மூன்று தடவை அழுத்திவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. கூண்டுக்குத் திரும்பியதும் சொட்டுக்குழலில் பால் கொடுத்தேன். செய்யக் கூடாத காரியம். மூன்று வாரம் செய்தேன்.

வெள்ளிக்கிழமை பட்டியலைத் திறந்தார்கள். ஸ்டாவ் என் மேசைக்கு வந்தாள்.

"லியான், நாப்பத்தொன்னுக்கு நோயே இல்லப்பா. ஆனா எல்லாத்தவிட மட்டமா அழுத்தியிருக்கு. எடை வேற ஏறியிருக்கு."

நான் உண்மையைச் சொன்னேன். அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"அடி அம்மா தாயே. மொத நாள் பொட்டியப் பாத்து மெரண்டிருக்கும். அப்புறம் நீயே கொண்டுபோய் ஊட்டினா அது எதுக்கு அழுத்தப் போகுது? மாப்பிள்ளையாட்டம் உக்காந்திருக்கு."

"கணக்குலேர்ந்து அதத் தள்ளிடு. என் தப்புன்னு எழுதிக் குடுக்கறேன்."

"குடு." போகத் திரும்பியவள் நின்றாள். "மர்ரேய நெனச்சியா?"

"வேற யார நெனப்பேன்."

வீடு திரும்பும் ரயிலில் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. நானும் அவன் கேட்குமுன்பே எல்லாவற்றையும் நீட்டுகிறேனே. அவன் நோய் ரத்தப் பரிசோதனையில் உறுதியானது, எனக்குத் தெரியாததா? ஆனாலும், நீட்டாமல் இருந்தால் கேட்பானோ என்று ஒரு நப்பாசை.

வீட்டில் டீ போட்டு, அவன் கைக்கு எட்டாமல் மேசையின் மறுகோடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். மர்ரே கோப்பையைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். அரைமணி நேரம் போயிற்று. ஆவி அடங்கி டீ ஆறிப்போனது. கட்டிய கணவனை எலியாக்கிச் சோதிக்கிறேனே என்று என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. சூடுபண்ணக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"எங்க போற?"

திரும்பினேன். "இதச் சுடவைக்கத்தான்."

"அது கெடக்கட்டும்." வார்த்தைகள் குழறி, மெதுவாக வந்தன. "நீ உக்காரு."

உட்கார்ந்தேன். டீயை அவன் கடைசிவரை கேட்கவில்லை.