பின்சுவர் நகர்ந்த சூராவ்

மலேசியாவில், ஷா ஆலமின் புது அடுக்குமாடிகளுக்கு நடுவே, ஒரு வாடகைக் கடைவீட்டில் இருந்த தமிழ் முஸ்லிம்களின் சிறு தொழுகைக்கூடமான சூராவ் ஞாயிறுதோறும் ஒரு சாண் நீண்டது. பயான் உரை முடிந்து மதிய லுஹர் தொழும்போது பின்சுவர் சத்தமில்லாமல் பின்னே போகும். பின்னாலிருந்த சந்தும் குறையவில்லை. குப்பை லோரி வழக்கம்போல வந்து போனது. தலைவர் ஜபருல்லா இதை பரக்கத், இறைவன் தந்த வளம் என்று அறிவித்தார். பெண்கள் பகுதியைக் கவனித்துவந்த சுலைகா நம்பவில்லை. பெண்கள் கேட்டபோதெல்லாம் ஆறு வருடமாக "எடம் பத்தல" என்று சொன்ன வாய் திடீரென்று பரக்கத் என்றால் சந்தேகம் வராதா? தையல் டேப்பால் அளந்து பார்த்தாள். நீண்டது உண்மைதான். நீண்டதெல்லாம் ஆண்களுக்கே போனது. திரைக்குப் பின்னால் பெண்களுக்கு அதே மூன்று வரிசை.

கிள்ளானிலிருந்தும் செலாயாங்கிலிருந்தும் குடும்பங்கள் வந்து குவிந்தன. நோன்பு நெருங்கியபோது நிர்வாகக் குழு தீர்மானம் போட்டது: கூட்டம் பெருகிவிட்டதால் பெண்கள் தற்காலிகமாகக் கஞ்சிப் பானை வைக்கும் அறைக்குப் போகட்டும். ஆறு பேர் நின்றால் ஏழாவது ஆள் பானைக்குள்தான் நிற்க வேண்டும். தற்காலிகமாம்! அந்தத் தற்காலிகத்துக்கு எவ்வளவு ஆயுசு என்று சுலைகாவுக்குத் தெரியாதா? அவள் சண்டை போடவில்லை. "யாரும் வரவேணாம்" என்று பெண்களின் வாட்ஸ்அப்பில் ஒரே வரி போட்டாள்.

அந்த ஞாயிறு சுவர் நகரவில்லை. அடுத்த ஞாயிறு முன்னே வந்தது. மூன்றாம் வாரம் சஜ்தாவில் தரையில் வைக்கக் குனிந்த ஆண்களின் நெற்றி முன்வரிசைக்காரரின் குதிகாலில் முட்டியது. கட்டட வேலை தெரிந்த இல்யாஸ் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, செங்கல்லில் குறையில்லை என்றார். ஜபருல்லாவின் சந்தேகம் சுலைகா மேல் போனது. நேராக அவள் வீட்டுக்கே வந்தார்.

"லாத்தா, செவுத்த என்ன பண்ணீங்க?"

"நான் வீட்டுல மீன் கழுவிட்டு இருந்தேன், தம்பி."

"சரி, திரும்பி வாங்கலா. பழைய எடத்தையே எடுத்துக்குங்க."

"பழைய எடம் யாருக்கு வேணும்? பாதி எடம். மீட்டிங் நோட்டுல எழுதி, எல்லாரும் சைன் போட்டுக் கொண்டா."

அவர் முகம் கறுத்தது. ஆனாலும் கொண்டுவந்தார். அவள் ஒவ்வொரு கையெழுத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

பெண்கள் திரும்பிய ஞாயிறு சுவர் ஒரே தொழுகையில் இருபது அடி பின்னே போனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது மற்றப் பேட்டைகளின் சூராவ்காரர்கள், எந்தக் காண்ட்ராக்டர் என்று ஜபருல்லாவிடம் விசாரிக்கிறார்கள். அவர் சுலைகாவின் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்.

"அங்க பொம்பளைங்களுக்கு எவ்வளவு எடம்?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

"பாத்துச் செய்வோம்லா" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுவாள். அந்தப் பேட்டைகளில் சுவர்கள் இன்னும் கட்டிய இடத்திலேயே நிற்கின்றன.