உருளைக்கிழங்கு வயலில் சபைக்கூட்டம்

திரித்துவம் இல்லை, கடவுள் ஒருவரே என்று நம்புகிற ஷோம்லோக் யூனிட்டேரியன் சபையின் பழைய போதகர் ஈஸ்டர் கழிந்த மூன்றாம் வாரம் இறந்துபோனார். முப்பத்தோரு வருஷம் அந்த ஊரில் இருந்தவர். அடக்கம் முடிந்து, பெண்கள் முட்டைக்கோஸ் சூப் பானைகளைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள்ளேயே அடுத்தவர் யார் என்ற பேச்சு தொடங்கிவிட்டது. அதில் யாருக்கும் கூச்சமில்லை. அந்தச் சபைக்குப் போதகரை மேலே இருந்து அனுப்பிவைப்பதில்லை. ஊர் கூடி ஓட்டுப் போட்டுத்தான் அழைத்துக்கொள்ளும். நானூறு வருஷமாக அப்படித்தான். அந்தக் கம்யூனிஸ்ட் நாட்டில் வேறெந்தத் தேர்தலிலும் சீட்டில் ஒரு பெயர்தான் இருக்கும். ஷோம்லோக் கோயிலில் மட்டும் இரண்டாவது பெயரும் இருக்கும்.

தோம்பி பெர்த்தாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கணவன் போன பிறகு கோயில் வேலை அவள் கைக்கு வந்திருந்தது. மணி அடிப்பாள், பெருக்குவாள், திருவிருந்து மேஜைக்கு விரிப்பு விரிப்பாள், பாடகர் குழு வியாழக்கிழமை பாடிப் பழகுகிறபோது அடுப்பில் விறகு வைப்பாள். அதிகம் பேசமாட்டாள். கூட்டங்களில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து சாக்ஸ் பின்னுவாள். அவளைத் துணிச்சல்காரி என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

கோடைக்குள் இரண்டு பெயர்கள் வந்தன. ஒருவர் லாசார் ஆரோன், முப்பத்துநான்கு வயது. முந்தின ஊரில் ஞாயிறு பாடத்துக்கு வருகிற பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை அரசாங்கம் கேட்டபோது, "எழுதி வைக்கல" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து மாவட்டத்தில் அவர் பெயருக்கு எதிரே ஒரு கறுப்புப் புள்ளி. மற்றவர் கோவாச்சி தெனெஷ். அவரைப் பற்றி ஊரில் எவருக்கும் நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. மாவட்டத்து ஆய்வாளருக்கு அவரைப் பிடிக்கும் என்பது மட்டும் தெரியும். மதக் காரியங்களைக் கவனிக்க அரசாங்கம் வைத்திருந்த ஆள் அந்த ஆய்வாளர். சாம்பல் நிறக் காரில் வருவார்.

இருவரும் ஆளுக்கொரு ஞாயிறு வந்து பிரசங்கம் செய்தார்கள். ஆரோன் பேசியபோது கோயில் முழுவதும் இருமலே இல்லை. ஊர் மனம் எந்தப் பக்கம் என்று ஆய்வாளருக்கும் எட்டியிருக்க வேண்டும். செப்டம்பர் கடைசி ஞாயிறு தேர்தல் கூட்டம் என்று சபை மூப்பர் பெனெதெக் மோசஷ் முறைப்படி அறிவித்தார். அந்த வாரம் புதன்கிழமையே கூட்டுப்பண்ணையிலிருந்து உத்தரவு வந்தது: அதே ஞாயிறு காலை ஏழு மணிக்கு எல்லாக் குடும்பமும் உருளைக்கிழங்கு தோண்ட வயலுக்கு வரவேண்டும். வராத வீட்டுக்குக் குளிர்காலக் கிழங்கு கிடையாது.

வெள்ளிக்கிழமை பெர்த்தா ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தபோது ஆய்வாளர் கோயிலுக்குள் வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

"ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குக் கதவத் திறந்து வெச்சிடுங்க. மணி அடிக்க வேண்டாம்."

எல்லாரும் வயலில் இருக்கும்போது கூட்டத்துக்கு யார் வருவார்கள் என்று அவள் கேட்டாள்.

"வர்றவங்க வரட்டும். பன்னண்டு பேர் வந்தாலும் கூட்டம் கூட்டம்தான்." அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "உங்க பையன் பண்ணை லாரி ஓட்டறான் இல்ல? நல்ல வேலை அது."

நல்ல வேலைதான் என்று அவளும் சொன்னாள். அவர் போன பிறகு துணியை வாளியில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்று எண்ணிப் பார்த்தாள். பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள், கடைக்காரி, குனிய முடியாத நாலைந்து முதியவர்கள். அவர்களை மிரட்டிக் கைதூக்க வைத்துவிட்டால் தெனெஷ்தான் போதகர்; சட்டப்படியும் சரி. பயத்தோடு கூடவே அவளுக்கு இன்னொன்றும் வந்தது. இத்தனை வருஷம் தான் பெருக்கி, துடைத்து, சூடாக்கி வைத்த வீட்டுக்குள் நுழைந்து, தன் கையாலேயே கதவைத் திறக்கச் சொல்லி, ஊரை வெளியே நிறுத்தப் பார்க்கிறான் என்ற எரிச்சல். நெஞ்சில் மிளகாயை அரைத்துப் பூசினது போல இருந்தது.

சாயங்காலம் மோசஷ் வீட்டுக்குப் போனாள். அவர் சபைச் சட்டப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினார். கூட்டம் அறிவிக்கப்பட வேண்டும், மணி ஒலிக்க வேண்டும், சபையார் கூடவேண்டும் என்றுதான் இருந்தது. கூரைக்குக் கீழே என்று எங்கும் இல்லை. இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். "ஞாயித்துக்கிழமை நான் வயல்லதான் இருப்பேன். நீ மணிய அடி" என்றார்.

ஞாயிறு பத்து மணிக்குப் பெர்த்தா கோபுரத்தில் ஏறினாள். வழக்கமாக ஐந்து நிமிஷம் அடிப்பாள். அன்று கால் மணி நேரம் அடித்தாள். ஓடையின் மறுபக்கத்தில் வயலில் குனிந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக முதுகை நிமிர்த்துவது மேலிருந்து தெரிந்தது. இறங்கிவந்து அங்கத்தினர் பதிவேட்டையும் திருவிருந்து மேஜை விரிப்பையும் கையில் எடுத்துக்கொண்டு, கோயிலைப் பூட்டி, சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். வாசலில், மணிச் சத்தம் கேட்டு வந்த அந்தப் பன்னிரண்டு பேரும் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றிருந்தார்கள்.

"கூட்டம் வயல்ல நடக்குது. நடக்க முடியாதவங்கள கைத்தாங்கலா கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். கொஞ்சம் தயங்கி, அவர்களும் பின்னால் வந்தார்கள். சாம்பல் நிறக் காரும் வந்தது. ஓடைக்கு முன்னால் சேற்றில் நின்றுவிட்டது. ஆய்வாளர் மீதித் தூரத்தைப் பளபளப்பான காலணியோடு நடந்து கடந்தார்.

கூட்டுப்பண்ணைத் தலைவன் ஜாகப் கெர்கெய், பெர்த்தாவின் கணவனுடைய தம்பி. அவனும் அதே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவன்தான். ஆய்வாளர் அவனைப் பார்த்து வேலையைத் தொடரச் சொன்னார். டிராக்டர் நின்றுபோயிருக்கிறது, அரை மணி நேரமாகும் என்றான் கெர்கெய். டிராக்டர் அவனுக்குப் பின்னால் உறுமிக்கொண்டுதான் இருந்தது. ஓட்டுநர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அதை அணைத்தான்.

மோசஷ் மண்வெட்டியை நட்டுவைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், கடவுள் ஒருவரே என்ற அறிக்கை. பிறகு கூட்டம் தொடங்கிவிட்டது என்றார். ஆய்வாளர் அச்சடித்த சீட்டுக்கட்டை நீட்டினார். அதில் தெனெஷின் பெயர் மட்டும்தான் இருந்தது. மோசஷ் அதை வாங்கிப் பார்த்து, மடித்து அவரிடமே கொடுத்தார். வேறு காகிதம் ஒருவரிடமும் இல்லை.

அப்போது பெர்த்தா பேசினாள். கூட்டத்தில் அவள் குரலைக் கேட்டவர்கள் அதற்குமுன் மிகக் குறைவு.

"செவப்புக் கிழங்கு ஆரோன். வெள்ளைக் கிழங்கு தெனெஷ். ஆளுக்கு ரெண்டையும் எடுத்துக்கோங்க. ஒண்ணு இந்தக் கூடையில ஓட்டு. மிச்சம் அந்தக் கூடையில. ரெண்டையும் விரிப்புக்கு அடியில கைய விட்டுப் போடுங்க, ஒருத்தருக்கும் தெரியாது."

மேஜை விரிப்பை இரண்டு கூடைகள் மேலும் சேர்த்துப் போட்டாள். மோசஷ் பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களை வாசித்தார். மண் அப்பிய கைகள் ஒவ்வொன்றாக வெள்ளைத் துணிக்கு அடியில் போய் வந்தன. துணியின் ஓரம் கறுத்துப்போனது. பெர்த்தாவுக்கு அது வலிக்கவில்லை.

கெர்கெய்யின் முறை வந்தது. அவன் கையை மறைக்கவில்லை. வெள்ளைக் கிழங்கை எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தான்.

"அண்ணி, நான் வெள்ளதான் போடறேன். எனக்குப் பயமா இருக்கு. பண்ணை என் தலைல இருக்கு, மூணு புள்ளைங்க இருக்கு. ஒளிச்சுப் போட்டுட்டு தைரியசாலி மாதிரி நிக்க எனக்கு வரல."

வரிசையில் யாரோ, சோறு போடுகிற கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வாலாட்டுகிறான் என்று முணுமுணுத்தார்கள். மோசஷ் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அவன் ஓட்டு அவனோடது. வாய மூடிக்கிட்டு வரிசைல நில்லு" என்றார்.

பெர்த்தா துணியைத் தூக்கிப் பிடித்தாள். கொழுந்தன் மீது அவளுக்குக் கோபம் வரவில்லை. அன்று அந்த வயலில் அவனுக்குத்தான் எல்லாரையும்விட அதிகம் வியர்த்திருந்தது.

சிவப்பு நூற்றிருபத்தேழு. வெள்ளை ஒன்பது. மோசஷ் இரண்டையும் உரக்கச் சொன்னார்.

"இது செல்லாது. கிழங்கெல்லாம் ஓட்டாகுமா?" என்றார் ஆய்வாளர்.

"சீட்டுல ஒரு பேருதான் இருந்துச்சு தோழரே. கிழங்குல ரெண்டு நெறம் இருக்கு" என்றாள் பெர்த்தா.

சிரிப்பு எழவில்லை. ஆய்வாளர் குறிப்பேட்டைத் திறந்து, இது யார் யோசனை என்று கேட்டார். தன்னுடையது என்று சொல்லித் தன் பெயரைக் கொடுத்தாள். இன்னும் யார் யார் என்று கேட்டார்.

"மத்தவங்க பேரு அவங்கவங்க வாயில இருக்கு. அவங்களையே கேட்டுக்கோங்க."

அவர் நான்கு பேரைக் கேட்டார். நான்கு பேரும் தங்கள் தங்கள் பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கிழங்கு தோண்டப் போய்விட்டார்கள்.

தண்டனை வராமலில்லை. அடுத்த வாரமே பெர்த்தாவின் மகனை லாரியிலிருந்து இறக்கிப் பன்றிக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். அவள் அழுதாள். மகன் பூட்ஸைக் கழுவிக்கொண்டே, "விடும்மா, பன்னிங்க யாரையும் போட்டுக் குடுக்காது" என்றான். ஆரோனுக்கு அரசாங்கத்தின் அனுமதிக் கடிதம் வரவில்லை. தேர்தலை முறையாக, காகிதத்தில், மறுபடி நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது.

நடத்தினார்கள். நவம்பரில் கோயிலுக்குள், ஆய்வாளர் முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அச்சடித்த சீட்டின் பின்பக்கத்தில் ஆரோனின் பெயரை எழுதிப் போட்டார்கள். செல்லாது என்றார். பிப்ரவரியில் மறுபடி கூட்டச் சொன்னார், மறுபடி ஆரோன். மே மாதம் நாலாவது தடவை. பாதிப் பேர் வராமல் சலித்துப்போவார்கள் என்று கணக்குப் போட்டிருப்பார். ஆனால் அந்தக் கூட்டங்கள் ஊருக்கு ஒரு திருவிழாவாகிவிட்டன. பெண்கள் கிழங்கு ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தார்கள். பக்கத்து ஊருக்குக் கட்டிக்கொடுத்த பெண்கள்கூட அந்த ஞாயிறு பார்த்துத் தாய்வீட்டுக்கு வந்தார்கள். வெள்ளைப் பக்கமும் நாலு தடவையும் ஒன்பதிலேயே நின்றது. கெர்கெய் ஒவ்வொரு தடவையும் தான் அதில் ஒருவன் என்று சொல்லிவிட்டே உட்கார்ந்தான்.

இடைப்பட்ட காலத்தில் ஞாயிறு ஆராதனை ஒன்றுகூட நிற்கவில்லை. மோசஷ் ஜெபம் வாசிப்பார். பிரசங்கத்துக்குப் பதில் வாரம் ஒருவர் எழுந்து, தாம் எதை நம்புகிறோம், ஏன் நம்புகிறோம் என்று சொல்வார். கொல்லன் சொன்னான், மருத்துவச்சி சொன்னாள். மார்ச்சில் பெர்த்தாவின் முறை. மேஜைப் பக்கம் நின்று, அவள் இவ்வளவுதான் சொன்னாள்: "எனக்கு வேதசாஸ்திரம் தெரியாது. என் மனசுக்குள்ள நான் என்ன நம்பணும்னு எனக்கு உத்தரவு போட எவனுக்கும் அதிகாரம் இல்லங்கறது தெரியும். அது தெரியவே ஐம்பத்திரண்டு வருஷம் ஆச்சு." சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்திலிருந்தவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

ஜூனில் யாரும் எதிர்பாராதது நடந்தது. கோவாச்சி தெனெஷ் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். நேரே மோசஷ் வீட்டுக்குப் போய், தன் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக மாவட்டத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலைக் கொடுத்தார். இந்த ஊருக்குத் தன்னைக் கேட்காமலே பெயர் போட்டார்கள் என்றும், வேண்டாம் என்று சொல்ல இத்தனை மாதம் தனக்குத் தைரியம் வரவில்லை என்றும் சொன்னார். அங்கே வந்திருந்த பெர்த்தா அவருக்குச் சூப் ஊற்றி, இரண்டாவது தடவையும் ஊற்றினாள்.

வேறு ஆள் எவரும் ஷோம்லோக்குக்குப் பெயர் கொடுக்க முன்வரவில்லை. ஆகஸ்டில், காரணம் எதுவும் எழுதாத ஒரு வரிக் கடிதத்தில் ஆரோனுக்கு அனுமதி வந்தது. மகனுக்கு லாரி திரும்பக் கிடைக்கவில்லை. அவன் கொட்டகையிலேயே இருந்தான்.

ஆரோன் மனைவியோடும் ஏழு பெட்டிப் புத்தகத்தோடும் வந்தார். முதல் ஞாயிறு கோயிலில் நிற்க இடமில்லை. ஆராதனை முடிந்ததும் முதல் சபைக்கூட்டம். புதுப் போதகர் உற்சாகமாக ஒரு யோசனை சொன்னார்: இனி ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து உட்காராமல் குடும்பமாகச் சேர்ந்து உட்காரலாமே என்று.

பெர்த்தா சாக்ஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாரம் ஆறு நாளும் புருஷன் பக்கத்துலயே இருக்கற பொண்ணுங்களுக்கு இந்த ஒரு மணி நேரம்தான் ஓய்வு, ஐயா. ஓட்டுக்கு விடுங்க."

ஓட்டுக்கு விட்டார்கள். ஆரோன் தோற்றுப்போனார். மோசஷ் எண்ணிக்கையை வாசித்தபோது ஆரோனே முதலில் சிரித்தார். கெர்கெய் மட்டும் போதகர் பக்கம் ஓட்டுப் போட்டிருந்தான். அதையும் எழுந்து நின்று சொன்னான்.