கல்வரிசை தாண்டிய நிழல்

எலப்புள்ளியில் சென்னிமலைப் பண்ணாடி தம் வீட்டுப் புழக்கடையில் பந்தல் ஒன்று போடத் திட்டமிட்டார். மறுவாரம் ஊரின் வரி, கணக்குப் பார்க்கும் அம்சம் அதிகாரி வருகிறார். அவரைக் கிணற்றடிக் காற்றில் உட்கார்த்தி உபசரிக்க வேண்டும். கீழே கற்பலகை, மேலே பனங்கால்கள் தாங்கும் ஓலைக் கூரை. மாலை வெயிலில் நிழல் விழுந்த திசை பார்த்து, கயிறு பிடித்து இடம் குறித்தவர் அவரே. குழி தோண்டியவன் பண்ணையாள் ராக்கப்பன்.

“ஏனுங்க, இத்தன ஒசரத்துல போட்டாக் காத்துல பிச்சுக்கிட்டுப் போயிருமுங்க” என்றாள் அவர் மனைவி குருவம்மாள்.

“அதிகாரி தலப்பாக் கட்டீட்டு வருவாரு. குனிஞ்சு நொழையச் சொல்றயா?”

“அப்பிடின்னா நம்மூட்டு வாச நெலவையும் இடிச்சுப்போட்டு ஒசரமாக் கட்டோணுமுங்க.”

ராக்கப்பன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு மண்ணை அள்ளினான்.

பந்தல் எழுந்தது. அடுத்த நாள் முற்பகல், கஞ்சி வேளை. கிணற்றுக்கு அப்பால் ஒரு கல்வரிசை. வேலைக்கு அழைத்தாலன்றி அதைத் தாண்டிப் பண்ணையாட்கள் உள்ளே வரக் கூடாது. வெளியே மரம் ஒன்றுமில்லாத பொட்டல். ராக்கப்பனின் மனைவி ராமுத்தாய் நிறைமாதக்காரி; முந்தின நாள், பந்தல் எழுமுன், அந்தப் பொட்டலில்தான் கஞ்சிக்கு நின்றபோது சுருண்டு விழுந்திருந்தாள். இன்னொரு முறை விழுந்தால் தாயும் பிள்ளையும் தங்குவார்களா என்ற அச்சம் ராக்கப்பன் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது.

இன்றோ, உயர்ந்த கூரையின் நிழல் மெல்லச் சாய்ந்து, கல்வரிசையைக் கடந்து பொட்டலில் விழுந்திருந்தது. யாரும் கொடுக்கவில்லை; யாரும் கேட்கவுமில்லை. மனிதன் அடுக்கிய கற்களைக் கதிரவன் பொருட்படுத்தவில்லை, அவ்வளவுதான். ராமுத்தாய் அந்த நிழலில் உட்கார்ந்தாள்.

சென்னிமலை கண்டார். மாலையில் வீட்டுப் பக்கம் விழுந்த நிழல் காலையில் எதிர்ப்பக்கம் விழும் என்பதை அவர் எண்ணியிருக்கவில்லை.

“டே ராக்கா! பந்தக் காலயெல்லாம் புடுங்கி ஊட்டுப் பக்கமாத் தள்ளி நடு.”

“எதுக்குங்க பண்ணாடி?”

“எம் பந்தலு நெழல்ல உம் பொண்டாட்டி மகாராணியாட்ட உக்கோந்திருக்கறா. அதிகாரி பாத்தா, பந்தலு ஆருக்குப் போட்டதுன்னு கேக்க மாட்டாரா?”

ராக்கப்பன் கடப்பாரையை எடுத்தான். வரப்பு வெட்டு என்றபோது வெட்டிய கை. வாய்க்கால் தோண்டு என்றபோது தோண்டிய கை. எதற்கென்று அது இதற்குமுன் ஒருநாளும் கேட்டதில்லை. இன்று தோண்டப்போகும் குழி, தன் மனைவியையும் இன்னும் பிறவாத உயிரையும் வெயிலில் தள்ளும் குழி. அதையுமா தன் கையே தோண்ட வேண்டும்?

ராமுத்தாய் தரையில் கையூன்றி எழப் பார்த்தாள். “நட்டுப் போடுங்க மாமா. வெயிலு நமக்கென்ன புதுசா?”

“நீ உக்காரு புள்ள.”

கடப்பாரையைக் கற்பலகைமேல் சாய்த்து வைத்தான். “அந்தக் குழிய நாந் தோண்ட மாட்டனுங்க.”

பொட்டலில் மற்ற ஆட்கள் கஞ்சி உறிஞ்சும் ஓசை நின்றது. சென்னிமலை மற்றோர் ஆளிடம் திரும்பினார். “டே கந்தப்பா, நீ எடுடா!”

கந்தப்பன் ஓலைப் பட்டையிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. “கஞ்சி ஆறிப்போயிருமுங்க பண்ணாடி.”

ஒருவனும் அசையவில்லை. சினம் தலைக்கேற, சென்னிமலை தாமே கடப்பாரையைத் தூக்கிக் குத்தினார். காய்ந்த தரை அதைத் திருப்பி எறிந்தது. மீண்டும் குத்தினார், அங்கவஸ்திரம் நழுவியது, மண் விரலளவும் பெயரவில்லை. வாசற்படியில் நின்ற குருவம்மாள், “போதுமுங்க, உள்ள வாங்க” என்றாள். அந்தக் குரலில் கேலி இல்லை. அதுவே அவரை அதிகம் சுட்டது.

கடப்பாரையை வீசினார். “இன்னியோட உனக்கு இந்தப் பண்ணையில வேல இல்ல. பொண்டாட்டியக் கூட்டீட்டுப் போடா!”

ராக்கப்பனுக்குப் போக்கிடம் எதுவென்று தெரியவில்லை. அவர்கள் குடியிருந்த காட்டோரக் குடிசையும் பண்ணைக்குச் சொந்தமானதே. ஆயினும் நிழலில் இருந்த ராமுத்தாயின் பக்கம் போய் நின்றான்.

“போறமுங்க பண்ணாடி. இவ கஞ்சி குடிச்சு முடிக்கட்டுமுங்க.”