இரண்டு டம்ளருக்குப் பன்னிரண்டு ஏலக்காய்

இருபத்திரண்டு வருஷமாக அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "இடுப்பு வலின்னியே, உட்காரு. மசாலா டீ நான் போடறேன்" என்றால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது? தையல்காரியான அவர் மனைவி ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு, அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

பன்னிரண்டு ஏலக்காயைத் தோலோடு நசுக்கினார். இஞ்சி ஒரு கைப்பிடி. பட்டையும் கிராம்பும் அதுபாட்டுக்கு விழுந்தன. பால் விளிம்புக்கு வந்த நொடியில் தீயைக் குறைத்தார், டம்ளரை வெந்நீரில் அலசினார், வடிகட்டியை இரண்டு தட்டுத் தட்டினார். ஒரே நாளில் வருகிற கைப்பழக்கமா இது?

வாயில் வைத்ததும் தொண்டை எரிந்தது.

"ரெண்டு பேருக்குப் போட்டீங்களா, ஊருக்கே போட்டீங்களா?"

"அளவு கொஞ்சம் தப்பிடுச்சு" என்று டம்ளரைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

பக்குவத்தில் குறையில்லை, அளவில்தான் குறை. அப்படியானால் எங்கேயோ ஒரு கூட்டத்துக்கே இவர் தினமும் டீ போடுகிறார். சின்ன வீடு என்றால் இத்தனை ஏலக்காய் எதற்கு? அந்தச் சின்ன வீட்டுக்காரியின் அம்மா, அண்ணன் தம்பி, பிள்ளை குட்டி எல்லாரையும் சேர்த்தல்லவா கட்டி மேய்க்கிறார்! கொடியில் கிடந்த சட்டையை எடுத்து முகர்ந்தாள். அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவரின் சட்டையில் மை வாசனையே இல்லை. கிராம்புதான் மணத்தது.

மறுநாள் பதினோரு மணிக்கு அச்சகத்துக்கே போய்விட்டாள். அவருடைய மெஷினில் வேறு யாரோ ஒருவன் நின்றிருந்தான். நினைத்தது சரியாகிவிட்டதே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

மேனேஜர் அவளை வாடிக்கையாளர் என்று நினைத்து நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்கம்மா." பிறகு உள்பக்கம் பார்த்து, "மாஸ்டர், இங்க ஒரு டீ."

தோளில் துண்டும் கையில் தட்டுமாக வந்தவர் அவள் கணவர்.

அவளைக் கண்டதும் ஒரு கணம் நின்றார். பிறகு டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, முன்பின் தெரியாதவர் போலத் திரும்பி நடந்தார். டீ போடுகிறவன் பெண்டாட்டி என்று யாரும் அவளைச் சொல்லிவிடக் கூடாதாம்.

"நாலு மாசம் முன்னாடி வரைக்கும் மெஷின்ல நின்னவர்" என்றார் மேனேஜர், அவள் அவரையே பார்ப்பதைக் கண்டு, போகிறவர் காதில் விழும்படியே. "நிறம் பிரிச்சுப் பார்க்கக் கண்ணு ஒத்துழைக்கல. அனுப்ப மனசு வரல. இப்ப அம்பது பேருக்கும் இவர் டீதான். சரி, நீங்க யாரைப் பார்க்கணும்?"

நேற்று முழுக்க இந்த மனுஷனைப் பற்றி நினைத்ததெல்லாம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"இவரைத்தான்" என்றாள், மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி. "என் வீட்டுக்காரர்."

கணவர் முதுகைக் காட்டியபடியே நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பாமலே கேட்டார்.

"சக்கரை போதுமா?"

"போதும். நீங்களும் ஒரு டம்ளர் எடுத்துட்டு வந்து, இங்க பக்கத்துல உட்காருங்க."